மாலை ஐந்து முதல் எட்டு வரை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். நேற்று என் அலுவலக அடையாள அட்டையின் மூலையைத் தின்றுவிட்டாள். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷினே கதி என்று குனிந்து கிடக்காதே. அத்தான் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். இந்த வருடம் முதல் சுகாதாரத் துறையின் திட்டத்தையும் பட்ஜெட்டையும் மக்களைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் ஒரு மக்கள் குழு. அவர்கள் கூடிப் பேசி, தங்களுக்கு முக்கியமான மூன்று கோரிக்கைகளை வரிசைப்படுத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த வேலை எங்கள் பிரிவுக்கு வந்திருக்கிறது. உங்கள் சுகாதார நிலையத்தின் ஃபைல் என் மேசைக்கே வந்துவிட்டது.

ஆட்களைக் கூட்ட ஒருவர் வேண்டும். கட்சிக்காரர்கள் வேண்டாம் என்று மேலே சொல்கிறார்கள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உன்னிடம் அளவு கொடுக்காத பெண் அந்த நான்கு தெருவில் உண்டா? நீ கூப்பிட்டால் வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எட்டாம் பக்கம் வரை நான் எழுதியது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


பிப்ரவரி 17

அன்புத் தம்பிக்கு,

கழுத்து வலி இருக்கிறது. அது இல்லாவிட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கும். பாப்பாவின் பல்லைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அட்டையைத் தின்னட்டும், ஃபைலைத் தின்ன விடாதே.

உன் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எட்டாம் பக்கம் வரை புரிந்தது. ஆனால் தம்பி, இதெல்லாம் எனக்கு எதற்கு? மூன்று வருடம் முன்பு சாக்கடைக்கு மூடி போடுகிறோம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். கையெழுத்து போனதோடு சரி. இன்னும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறோம். நானும் அந்த வரிசையில் சேர வேண்டுமா என்று யோசித்தேன்.

உன் அத்தான்தான் விடவில்லை. "எந்த ஆபீசர் இது வரைக்கும் நம்மளக் கேட்டிருக்கான்? மச்சான் கேக்கிறான். சும்மா வாய மூடிக்கிட்டு இருந்துட்டு அப்புறம் குறை சொல்லக் கூடாது" என்றார்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டாய். சுகாதார நிலையம் ஒன்பது மணிக்குத் திறந்து ஒரு மணிக்குப் பூட்டுகிறது. இவர் ஏழு மணிக்குக் கிடங்கில் நிற்காவிட்டால் அன்றைக்கு மூட்டை வேறு ஆளுக்குப் போய்விடும். நான் போய் வாங்கலாம் என்றால், ஆளை உட்கார வைத்து பிரஷர் பார்க்காமல் மாத்திரை கிடையாதாம். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்குகிறார். கேட்டால் "உடம்புக்கும் லீவு வேணும்ல" என்று சிரிக்கிறார்.

சரி, கூட்டுகிறேன். நீ கேட்டதற்காக.

அக்கா


மார்ச் 12

தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? கூட்டம் நடந்தது. அதை உடனே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். முப்பத்தேழு பேர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறையைக் கொடுத்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் குட்டி பெஞ்சில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரேயடியாக எல்லோரும் திறந்தார்கள். ஊசி போடும்போது நர்ஸ் திட்டுகிறாள், குடிக்கத் தண்ணீர் இல்லை, ஸ்கேனுக்கு வெளியே அனுப்புகிறார்கள். நீ எழுதியிருந்தபடி எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். இருபத்தாறு வந்தது.

அப்போது உன் அத்தான் எழுந்தார். கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை அவர், உனக்குத் தெரியும். "எனக்கு ஆறு வருஷமா பிரஷர். கிடங்குல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா மூட்டை குடுக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா கூலி போயிடும். போகலைன்னா நான் போயிடுவேன். சாயங்காலம் திறந்து வைக்கச் சொல்லுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பின் பெஞ்சில் இருந்த நெட்டைக் கண்டக்டர் எழுந்து, தனக்கு சுகர் என்றார். வீட்டு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள், லாரி மெக்கானிக், இஸ்திரி போடுகிறவர் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். பதினான்கு பேர். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாத வியாதியை அந்தச் சின்ன வகுப்பறையில் சொன்னார்கள்.

கை தூக்கச் சொல்லி எண்ணினோம். முதல் கோரிக்கை: மாலை ஐந்து முதல் எட்டு வரை மருந்து கவுண்டர் திறந்திருக்க வேண்டும், ஒரு கம்பவுண்டர், ஒரு நர்ஸ் போதும். இரண்டாவது, குடிநீர். இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். மூன்றாவதைக் கேட்டுப் பேராசைக்காரர்கள் என்று பெயர் வாங்க வேண்டாம் என்று கண்டக்டர் சொன்னார்.

தம்பி, இத்தனை நாள் அளவு எடுத்த மனிதர்களை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் அதிகாரி, "உங்க அக்காவை இங்க வேலைக்குக் கூப்பிடலாம்" என்றார். இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவுக்குக் கொஞ்சம் சளி.

கோரிக்கைகள் அருமை. ஒன்றே ஒன்று. மூன்றாவது இடத்தைக் காலியாக விட வேண்டாம். நோயாளிகள் காத்திருக்கும் மண்டபம் ஒன்று கட்ட வேண்டும் என்று சேர்த்துவிடு. பட்டியலில் ஒரு கட்டடம் இருந்தால்தான் ஃபைல் நகரும். இங்கே நடைமுறை அப்படி. ஆள் போடுவது, நேரம் மாற்றுவது என்று மட்டும் இருந்தால் மொத்தத்தையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். மூன்றாவதாகத்தானே போகிறது, முதல் கோரிக்கைக்கு ஒன்றும் ஆகாது.

ஏப்ரல் பத்துக்குள் கையெழுத்துகளுடன் வர வேண்டும். கூட்டத்தின் போட்டோ ஒன்றும் வேண்டும். பெண்கள் முன்னால் இருக்கட்டும்.

உன் தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

பாப்பாவுக்குச் சளி இறங்கியதா? நெஞ்சில் தங்க விடாதே.

நீ சொன்னதைக் கூட்டத்தில் வைத்தேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "காத்திருக்க மண்டபமா? சீக்கிரம் மருந்து குடுத்து அனுப்பச் சொன்னா, உக்காந்து காத்திருக்க இடம் தர்றேங்கிறீங்களே" என்று மெக்கானிக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. "நாங்க கேக்காததை எங்க பேர்ல எதுக்கு எழுதணும்?" என்றார். ஃபைல் நகர்வதற்கு என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன்.

கடைசியில் உன் அத்தான்தான், "மச்சான் ஆறு வருஷம் எங்க வீட்டுல படிச்ச பையன். நமக்குக் கெடுதலா ஒண்ணு செய்வானா? சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு முப்பத்தேழு பேரும் போட்டார்கள். கண்டக்டர் கடைசியாகப் போட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார்.

தாள்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போட்டோவில் நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலைக்கு மேல் வேலை. நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் பட்டியல் மேலே போயிருக்கிறது. நல்ல அபிப்பிராயம். மாலைக் கவுண்டர் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது. ஜூன் முதல் தேதியிலிருந்து திறக்க வாய்ப்பு உண்டு. அத்தானிடம் சொல், இனிமேல் மாத்திரைக்காகக் கூலியை இழக்க வேண்டியிருக்காது.

போட்டோ எல்லோருக்கும் பிடித்திருந்தது.

உன் தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

நீங்கள் மூவரும் சுகம் என்று நம்புகிறேன்.

ஜூன் முதல் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்களில் பதினோரு பேர் சுகாதார நிலையத்து வாசலில் நின்றோம். கையில் சீட்டு, காலி மாத்திரை அட்டை. கதவு பூட்டியிருந்தது. முதல் நாள், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும் என்று ஆறரை வரை நின்றோம். மறுநாளும் போனோம். மூன்றாம் நாள் ஐந்து பேர்தான் வந்தார்கள். அந்தப் பக்கமாகப் போன நர்ஸ், "யாரும்மா சொன்னது? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே" என்றாள்.

போன வாரம் ஒரு லாரி ஜல்லி வந்து இறங்கியது. இப்போது வாசலில் பள்ளம் தோண்டுகிறார்கள். மண்டபமாம்.

கடைக்கு வருகிற பெண்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களும் துணியைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போகிறார்கள். அதுவும் நல்லதுதான், பத்து நாளாக நான் மெஷினில் உட்காரவில்லை. வீட்டில் வேலை கொஞ்சம் அதிகம்.

கவுண்டர் எப்போது திறக்கும்? தேதி தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நடுவில் தணிக்கை, பிறகு பாப்பாவுக்கு ஜுரம், எனக்குப் பதவி உயர்வு உத்தரவு வந்து இருக்கை மாற்றம் என்று ஒரே அலைச்சல். இப்போது தனி மேசை, ஜன்னல் பக்கம்.

கவுண்டர் விஷயம் இந்த வருடம் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. ஆள் நியமனம் எங்கள் கையில் இல்லை. அடுத்த வருடத் திட்டத்தில் கண்டிப்பாக வைக்கலாம். செப்டம்பர் கடைசியில் மறுபடி கூட்டம் போட வேண்டும்; போன தடவை மாதிரியே நீயே நடத்திக்கொடு.

அலுவலகம் அச்சிட்ட புத்தகம் ஒன்றை அனுப்புகிறேன். அட்டையில் யார் என்று பார்.

போன கடிதத்தில் அத்தானைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்? கோபமா? நன்றாக இருக்கிறார்தானே?

உன் தம்பி


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

அட்டையில் நான் இருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு. பக்கத்தில் உன் அத்தான் நிற்கிறார், இரண்டு காலில். உள்ளே பத்தாம் பக்கத்தில் எங்கள் ஊரைப் பற்றி நான்கு வரி. "மக்கள் ஒருமனதாக முன்வைத்த கோரிக்கையை ஏற்று, காத்திருப்போர் மண்டபம் கட்டப்பட்டு வருகிறது." மாலைக் கவுண்டர் என்ற சொல்லைத் தேடினேன். இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஜூன் ஒன்பதாம் தேதி, மூட்டையுடன் லாரிப் பலகையில் ஏறும்போது உன் அத்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். களைப்பு என்று கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். தண்ணீர் கொடுத்தால் ஒரு பக்கமாக வழிந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு மணி நேரம் ஆனது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு குழறுகிறது. டாக்டர் என்னைத்தான் கேட்டார்: "எத்தனை நாளா மாத்திரை சாப்பிடலை?"

மே பதினேழாம் தேதி மாத்திரை தீர்ந்தது. ஒரு நாள் லீவு போட்டு வாங்கி வாருங்கள் என்றேன். "இன்னும் ரெண்டு வாரம்தானே. மச்சான்தான் எழுதியிருக்கானே, ஜூன் ஒண்ணுன்னு. எதுக்கு வீணா ஒரு நாள் கூலி?" என்றார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கிடங்கில் நான்கு பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். ஜூன் ஒன்றில் திறக்காத பிறகும் நாளைக்குத் திறப்பார்கள் என்றே இருந்தார்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதியிருந்தால் ஓடி வந்திருப்பாய். வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாய். நானும் அழுதிருப்பேன். கேட்க வேண்டியதைக் கேட்காமலே போயிருக்கும். கவுண்டர் திறக்கும் தேதியைத்தான் கேட்டிருந்தேன். அதற்கு எட்டு வாரம் கழித்துப் புத்தகம் அனுப்புகிறாய்.

இப்போது வேறு ஒன்று கேட்கிறேன். மண்டபம் கட்டும் இடத்தில் ஒரு தகரப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் பெயர், வேலையின் பெயர், உத்தரவு எண். அதன் கீழே தேதி. ஜனவரி 19. நீ எனக்கு முதல் கடிதம் எழுதியது பிப்ரவரி 3.

கூட்டத்தைக் கூட்டச் சொன்னபோதே உனக்கு இது தெரியுமா? ஆம் அல்லது இல்லை. வேறு எதுவும் எழுதாதே.

அக்கா


அக்டோபர் 5

அக்காவுக்கு,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஆம். தெரியும்.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜனவரியிலேயே எங்கள் பிரிவில் உள்ள நான்கு ஊருக்கும் மண்டபம் என்று முடிவாகிவிட்டது. உத்தரவை எழுதியவனே நான். பிறகுதான் மக்கள் குழு விதி வந்தது. ஏற்கெனவே போட்ட உத்தரவுக்கு மக்களின் கையெழுத்து வேண்டியிருந்தது. "ஏதாவது ஒரு ஊர்லேருந்து ஒழுங்கான பட்டியல் வரட்டும், மத்ததுக்கு அதை மாதிரியா வெச்சுக்கலாம்" என்று அதிகாரி சொன்னார். உன்னை நம்பி மக்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு எழுதினேன்.

ஆனால் உன் மார்ச் கடிதத்தைப் படித்தபோது மாலைக் கவுண்டரை எப்படியாவது வாங்கிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். தனிக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஏப்ரல் இருபதாம் தேதி குறுக்குக் கோடு போட்டுத் திரும்பி வந்தது. மே 2-ல் உனக்கு எழுதும்போது அது என் மேசையில்தான் இருந்தது. இல்லை என்று எழுதப் பேனா எடுத்தேன். முப்பத்தேழு பேர் ஞாபகம் வந்தது. பரிசீலனை என்று எழுதிவிட்டேன். தேதி எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. தேதி இருந்தால் நம்புவார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. வேறு யார் கையிலும் கிடைக்கக் கூடாது. வேலை போய்விடும், அக்கா. பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை.

அத்தானுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

தம்பி


அக்டோபர் 21

தம்பிக்கு,

உன் அத்தான் கோலை ஊன்றி வாசல் வரை நடக்கிறார். ஆறு வார்த்தை தெளிவாக வருகிறது. பாப்பாவும் நடக்க ஆரம்பித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிழிக்கப் போவதில்லை, கூட்டத்தில் படிக்கப் போகிறேன் என்று சொன்னேன். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்" என்றார். அது அந்த ஆறு வார்த்தையில் ஒன்று. "பையன்" என்றார். மறுபடி "வேண்டாம்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு அழுத்தமாக எதையும் என்னிடம் கேட்டதில்லை. மூன்று நாள் அந்தக் கடிதத்தை மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன். நான்காம் நாள் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்தான் இருந்தோம். அதே மூன்றாம் வகுப்பு அறை. முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். கிழித்துவிடு என்று நீ எழுதியதையும் படித்தேன். முடித்த பிறகு மெக்கானிக்கின் மனைவி, "அப்ப அன்னிக்கு எங்க சீக்கையெல்லாம் எதுக்கும்மா வாய்விட்டுச் சொல்ல வெச்சீங்க?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். மண்டபம் முன்பே முடிவானது எனக்குத் தெரியாது என்றேன். அதை நம்புகிறவர்களும் இருந்தார்கள், நம்பாதவர்களும் இருந்தார்கள். நம்பாதவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். மண்டபத்தைப் பட்டியலில் எழுதியது என் கைதான்.

எங்கள் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்றும், மண்டபத்தை நாங்கள் கேட்கவில்லை என்றும், மாலை ஐந்து முதல் எட்டு வரை கவுண்டர் திறக்க வேண்டும் என்றும் மேலிடத்துக்கு மனு எழுதினோம். ஆதாரம் கேட்பார்களே என்று கண்டக்டர் சொன்னார். எங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் உன் கடிதம். "உங்க தம்பிம்மா. நீங்க வேண்டாம்னா வைக்கலை. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார். அவர் நல்ல மனிதர். முடிவை என் தலையில் போடாமல் இருக்க எல்லோரையும் கை தூக்கச் சொன்னார்.

பன்னிரண்டு பேர் வைக்கலாம் என்றார்கள். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். உன் வேலைக்காக இல்லை, என் முகத்துக்காக. பன்னிரண்டில் நான் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்று வரை என்னோடு பேசவில்லை. வருகிற ஆறு வார்த்தையையும் வைத்துக்கொண்டு பேசவில்லை.

மனு நாளை காலை பதிவுத் தபாலில் போகிறது. உன் மேசைக்கு வராது. அதற்கும் மேலே அனுப்புகிறோம். கவுண்டர் திறப்பார்கள் என்று எங்களில் யாரும் நம்பவில்லை. வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் இதை இன்றே எழுதுகிறேன்.

அக்கா